அந்த மூன்று அடி எங்கே போனது?

பாளையங்கோட்டையில் ஒரு வளைகாப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். சுவரை ஒட்டி நாற்காலி, அதில் கர்ப்பிணிப் பெண், பக்கத்தில் கணவர். எதிரே குத்துவிளக்கு, சீர் தட்டுகள், அவற்றைச் சுற்றி இருபது பேர். இத்தனைக்கும் நடுவே, முதுகு ஜன்னல் கம்பியில் அழுந்த, கேமராவோடு நின்றிருந்தார் இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று வீட்டு விசேஷங்களை வீடியோ எடுப்பதுதான் அவர் தொழில்.

ஜூமை முழுக்க வெளியே இழுத்தாகிவிட்டது. பின்னால் நகர இடமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஃப்ரேமுக்குள் இருந்தார்கள். பெண்ணின் அம்மா மட்டும் ஓரத்தில் நின்று வளையல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பென் டிரைவைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். டிவியில் போட்டுப் பார்த்தார்கள். பாதியில் அவர் மெதுவாகச் சொன்னார்: “என் கை மட்டும்தான் வருது தம்பி. பரவாயில்ல. வளையல் நல்லாத் தெரியுது.”

குறை சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் தம்பிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தலைப்பிரசவத்துக்கு முந்தைய வளைகாப்பு. மறுபடி ஒரு தரம் நடத்தச் சொல்லி எடுக்க முடியாது.

மறுநாள் காலையில் முடிவு செய்துவிட்டார். வைட் ஆங்கிள் பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான். பிரைம் என்றால் ஜூம் இல்லாத லென்ஸ். ஒரே அகலம்தான். ஆனால் பொதுவாக வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், படமும் துல்லியமாக இருக்கும். அவருடைய கேமரா சோனி இசட்வி-ஈ10. அதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4. அம்மா கட்டிய சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. வீட்டு ஓட்டை மாற்ற வைத்திருந்த பணம். “தொழிலுக்குன்னா எடுத்துக்கோ ராசா. ஓடு அடுத்த மழைக்கு முன்னால பார்த்துக்கலாம்” என்று அம்மா சொல்லிவிட்டார்.

கடைக்குப் போகும் வழியில் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் வண்டியை நிறுத்தினார். வி.எச்.எஸ். கேசட் காலத்தில் தோளில் கேமராவைச் சுமந்து கல்யாணம் எடுத்தவர் அண்ணாச்சி. தம்பி தொழில் பழகியதும் அங்கேதான்.

“கையில் இருப்பதே 16 தானே?”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏன் டே, இப்ப கேமராவுல மாட்டியிருக்கிறது எத்தன?”

“கூடவே வந்த லென்ஸ்தான் அண்ணாச்சி. 16-லருந்து 50 வரைக்கும்.”

“வாங்கப் போறது?”

“16.”

“அப்ப, இருக்கிறதவிட எத்தன அடி அகலம் கூடும்?”

தம்பி பதில் சொல்லவில்லை. கூடாது. ஒரு அங்குலம்கூடக் கூடாது. ஜூம் லென்ஸை முழுக்க வெளியே இழுத்தால் அதுவும் 16 மி.மீ.தான். புதிய லென்ஸில் வெளிச்சம் கூடும். அகலம் அதேதான். அந்த அம்மாவின் முகம் அப்போதும் ஃப்ரேமுக்கு வெளியேதான் இருக்கும்.

லென்ஸ் வாங்குகிறவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது. ‘வைட் பிரைம்’ என்ற பெயரைக் கேட்டதும், கையில் இருப்பதைவிட அகலமாக எடுக்கும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. மேலே எழுதியிருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எண் குறையக் குறையத்தான் அகலம் கூடும்.

டேப்பும் நாற்காலியும்

அண்ணாச்சி தையல் டேப்பை எடுத்தார். சுவர் ஓரத்தில் ஒரு நாற்காலி. அதிலிருந்து ஏழு அடியில் ஸ்டாண்டு போட்டுக் கேமராவை வைக்கச் சொன்னார். வளைகாப்பு வீட்டிலும் தம்பி ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் நின்றார். அன்று இருந்த அதே செட்டிங். பிறகு அண்ணாச்சி சுவரை ஒட்டி நடந்தார். திரையில் எங்கே தெரிய ஆரம்பிக்கிறாரோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு, எங்கே மறைகிறாரோ அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே அளந்தால் ஏழு அடிதான்.

“இப்ப அந்த ‘ஆக்டிவ்’ அமுக்கிப் போடு.”

‘ஆக்டிவ்’ என்பது கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. கேமரா இதைச் சும்மா செய்து தருவதில்லை. படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கை ஆடும்போது, அந்த ஒதுக்கிய இடத்துக்குள் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி ஆட்டத்தை மறைக்கிறது. இந்தக் கேமராவில் அப்படி வெட்டுவது ஏறக்குறைய 1.44 மடங்கு. ஆக்டிவ் இல்லாவிட்டாலும், 4கே வீடியோவை நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் 1.23 மடங்கு வெட்டு உண்டு. 25 ஃப்ரேமில் எடுத்தால் அந்த வெட்டு இல்லை.

ஆக்டிவை அணைத்ததும் சாக்பீஸ் கோடுகள் எட்டரை அடிக்கு விலகின. 30-ஐ 25 ஆக்கியதும் பத்து அடியைத் தாண்டின.

ஏழு அடி எங்கே, பத்து அடி எங்கே? அந்த ஹாலின் அகலமே பத்து அடிதான். புது லென்ஸ் எதுவும் இல்லாமலேயே அன்று எல்லோரும் ஃப்ரேமுக்குள் வந்திருப்பார்கள். பெண்ணின் அம்மா நின்றிருந்தது, மெனுவில் இரண்டு வரிகள் விழுங்கிவிட்ட அந்த மூன்று அடிக்குள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப தப்பு எம் மேலயா அண்ணாச்சி?”

“தெரிஞ்சுக்கிட்டே இல்ல, அதோட விடு. கணக்கு ரொம்பச் சுலபம்” என்றார் அண்ணாச்சி.

கணக்கு இதுதான். தூரத்தை 23.5-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை அடி அகலம் தெரியும் என்பது வந்துவிடும். 23.5 மி.மீ. என்பது இந்த வகைக் கேமராவின் சென்சார் அகலம். ஏபிஎஸ்-சி என்று சொல்வார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்கள் 23.5-க்குப் பதில் 36 என்று போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழு அடித் தூரத்தில் 16 மி.மீ. லென்ஸுக்குப் பத்தேகால் அடி. 15-க்குப் பதினொரு அடி. 13-க்குப் பன்னிரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். 12-க்குப் பதிமூன்றே முக்கால் அடி. 11-க்குப் பதினைந்து அடி. ஆக்டிவ் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் 1.44-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். அப்போது 11 மி.மீ. லென்ஸே பத்தரை அடிக்கு இறங்கிவிடும். அதாவது, ஆக்டிவ் போட்ட 11-ம், போடாத 16-ம் ஒன்று. நடந்துகொண்டே தன்னையே எடுத்துக்கொள்பவர்கள் 11 மி.மீ.யைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

செங்குத்தாக ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு அகலம் இன்னும் குறையும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் அதே 16 மி.மீ. லென்ஸில், அதே ஏழு அடித் தூரத்தில், ஆறு அடிக்கும் குறைவாகத்தான் தெரியும்.

போனை வைத்தே பார்க்கலாம்

லென்ஸ் வாங்காமலேயே இதைச் சோதிக்க எல்லோர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. இன்றைய ஸ்மார்ட்போன்களில் முதன்மைக் கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரை. ஏபிஎஸ்-சி கேமராவில் அது 16, 17 மி.மீ.க்குச் சமம். ஐபோன் 11 முதல் பல போன்களில் வந்த 0.5 கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 13 மி.மீ. ஏபிஎஸ்-சிக்கு அது 9 மி.மீ.யை ஒட்டி வரும்.

விசேஷ வீட்டில், கேமரா நிற்கப்போகும் இடத்தில் நின்று, போனைப் படுக்கவைத்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். வீடியோ மோடில் போனும் ஓரங்களை வெட்டும். அதனால் போட்டோ மோடில்தான் பார்க்க வேண்டும். 1-லேயே எல்லோரும் வந்துவிட்டால் 16 மி.மீ. போதும். 1-ல் வராமல் 0.5-ல் தாராளமாக வந்தால், 11 முதல் 13 வரை உள்ள லென்ஸைத் தேடலாம். 0.5-லும் வரவில்லையென்றால் லென்ஸை மாற்றிப் பயனில்லை. நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

அகலம் வேறு, வெளிச்சம் வேறு

“அப்ப எல்லாரும் ஏன் அந்த 16-ஐ வாங்குறாங்க?” என்று கேட்டார் தம்பி.

வெளிச்சத்துக்காக. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ், 16 மி.மீ.யில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். எஃப் 1.4 என்றால் ஆறு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும். எஃப் 1.8 என்றால் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு டியூப் லைட் எரியும் ஹாலில் இது பெரிய வித்தியாசம். வெளிச்சம் போதாதபோது கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும், இருட்டான பகுதிகளில் புள்ளி புள்ளியாக அடிக்கும். பட்டுப்புடவையின் கருநீலம் கருமையாகிப் போவது அப்படித்தான்.

டியூப் லைட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/60-ல் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடலாம். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது. இந்தக் கேமராவில் அதற்கு மெனுவில் பால் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றும் முன் கார்டில் இருப்பதை கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிடுவது நல்லது.

வெளிச்சம் கூடினால் ஒரு செலவும் கூடவே வரும். ஏழு அடியில் ஃபோகஸ் வைத்து 16 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-க்குத் திறந்தால், சுமார் ஐந்தரை அடியிலிருந்து ஒன்பது அடி வரைதான் துல்லியம். முன்னால் தட்டு ஏந்தி நிற்கும் அத்தை மங்கலாகிவிடுவார். 11 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8-ல், அதே ஏழு அடி ஃபோகஸில், நாலே கால் அடியிலிருந்து பதினெட்டு அடி வரை துல்லியம் கிடைக்கும். ஹால் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். பின்னணியை மங்கலாக்கி அழகு பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு 11 மி.மீ. ஏமாற்றம்தான். இருபது பேர் முகமும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அதே குணம் வரம்.

பகல் வெளிச்சத்தில் கதை தலைகீழ். வாசலில் வெயிலில் 1/50 ஷட்டரில் எஃப் 1.8 திறந்தால் படம் வெள்ளையாக வெளிறிவிடும். அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு என்டி ஃபில்டர் வேண்டும். திருகித் திருகி அடர்த்தியைக் கூட்டும் வகையை மிக அகலமான லென்ஸில் மாட்டினால், படத்தின் குறுக்கே கருமையாக ஒரு பெருக்கல் குறி விழக்கூடும். ஒரே அடர்த்தி உள்ள ஃபில்டர் பாதுகாப்பானது.

யாருக்கு எது?

சோனியின் ஈ மவுன்ட் ஏபிஎஸ்-சி கேமராவை எடுத்துக்கொண்டால், அகலமான பிரைம் லென்ஸ்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம்.

சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4, 2017-ல் வந்தது. இன்றைக்கும் நன்றாக விலை போகிறது. எடை 405 கிராம். கேமராவே 343 கிராம்தான் என்பதால் முன்பக்கம் கனத்துத் தொங்கும். ஸ்டாண்டில் நிறுத்திச் சமையல் வீடியோ எடுப்பவர்கள், பேட்டி எடுப்பவர்கள், கொஞ்சம் பெரிய அறை கிடைப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.

சோனி 15 மி.மீ. எஃப் 1.4 ஜி, 219 கிராம். வெளிச்சம் சிக்மா அளவுக்கே, எடை ஏறக்குறைய பாதி. எஃப் எண்ணை மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. ‘டக் டக்’ சத்தம் இல்லாமலும் திருப்ப முடியும். வாசலில் இருந்து வீட்டுக்குள் நடந்தபடியே எடுப்பவர்களுக்கு இது உபகாரம்.

வில்ட்ராக்ஸ் 13 மி.மீ. எஃப் 1.4, அகலமும் வெளிச்சமும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு. 420 கிராம் எடையைச் சுமக்கச் சம்மதிக்க வேண்டும்.

சோனி 11 மி.மீ. எஃப் 1.8, 2022-ல் வந்தது. 181 கிராம். இதன் ஃபில்டர் அளவு 55 மி.மீ. ஆட்டோஃபோகஸில் 15 செ.மீ. நெருக்கம் வரை போகலாம். சின்ன வீடுகளுக்கு இது தோது.

ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்குச் சோனி 20 மி.மீ. எஃப் 1.8 ஜி போன்றவை இதே வேலையைச் செய்யும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கேமராவோடு வரும் 16-50 லென்ஸுக்குள் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஓரங்களை வெட்டாமலே அது வேலை செய்யும். மேலே சொன்ன பிரைம் எதிலும் அது கிடையாது. இசட்வி-ஈ10 கேமராவின் உடலுக்குள்ளும் கிடையாது. பிரைமை மாட்டியதும் அந்த உதவி போய்விடும். பிறகு ஆக்டிவ் போட்டு அகலத்தை இழக்க வேண்டும், இல்லையென்றால் ஒற்றைக்கால் ஸ்டாண்டோ கிம்பலோ வேண்டும். லென்ஸ் பட்ஜெட்டில் ஒற்றைக்கால் ஸ்டாண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஓரத்தில் நிற்பவர்

அகலமான லென்ஸ் எல்லோரையும் உள்ளே கொண்டுவரும். எல்லோரையும் ஒரே மாதிரி காட்டாது. ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும், உடம்பு அகன்று தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டிய கை பூதாகரமாகிவிடும். கேமராவை மேலும் கீழும் சாய்த்தால் கதவு நிலையும் தூண்களும் கூம்பிச் சாயும்.

சினிமாக்காரர்கள் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியதுண்டு. ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் ஸ்டான்லி குப்ரிக் 9.8 மி.மீ. கினோப்டிக் லென்ஸை வைத்து, பார்ப்பவர் மனசு சங்கடப்படும்படி காட்சிகளை எடுத்தார். அது வெளிவந்தது 1971-ல். அதற்கும் முப்பது வருஷம் முந்தி, 1941-ல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் கிரெக் டோலண்ட் 24 மி.மீ. லென்ஸை வைத்து வேறொரு காரியம் செய்தார். விளக்குகளை அள்ளிக் கொட்டி, லென்ஸின் வாயைச் சுருக்கி, முன்னால் இருப்பவரும் தூரத்தில் இருப்பவரும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரியும்படி எடுத்தார். கேமரா தாழ்வாக இருந்ததால் அறையின் கூரையும் தெரிந்தது. அதற்காக செட்டில் துணியால் கூரை போட்டார்கள்.

வளைகாப்பு வீட்டுக்குத் தேவை டோலண்டின் வழி. எல்லோரும் தெரிய வேண்டும், யாரும் கோணக் கூடாது. அண்ணாச்சி அதற்கு மூன்றே விதி சொன்னார். கேமரா, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில் நேராக நிற்க வேண்டும். ஃப்ரேமின் இரண்டு ஓரத்திலும் ஒரு அடி காலியாக விட வேண்டும். அந்த ஓரத்தில் சுவரோ திரைச்சீலையோ இருக்கலாம், மனிதர் இருக்கக் கூடாது. யாராவது அங்கே நின்றால் உள்ளே கூப்பிட வேண்டும்.

“கூப்பிட வாய் வேணும் டே. லென்ஸுக்கு வாய் கிடையாது” என்றார்.

வாங்கும் முன்

தம்பி அன்று கடைக்குப் போகவில்லை. ஒரு நோட்டு வாங்கினார். அடுத்த இரண்டு மாதங்களில் போன ஒவ்வொரு விசேஷத்திலும், சுவருக்கும் நாற்காலிக்கும் எத்தனை அடி, எத்தனை பேர் நின்றார்கள், விளக்கு எப்படி என்று குறித்துவைத்தார். ஆக்டிவை அணைத்து, 25 ஃப்ரேமில் எடுத்ததிலேயே பாதி வீடுகளின் பிரச்சினை தீர்ந்தது. மீதி வீடுகளில் ஆறரை அடி, ஆறு அடி, ஒரு லைன் வீட்டில் ஐந்தரை அடி. அங்கெல்லாம் 16 பற்றவில்லை.

நோட்டே பதிலைச் சொல்லிவிட்டது. 16 ஏற்கெனவே கையில் இருக்கிறது. இல்லாதது 11. எடுத்த 4கே வீடியோவை அவர் ஃபுல் எச்.டி.யாகத்தான் கொடுக்கிறார். எனவே 11-ல் எடுத்ததை எடிட்டிங்கில் 16 அளவுக்கு நெருக்கினாலும் தரம் குறையாது. எதிர்ப்பக்கம் அது நடக்காது. 16-ல் எடுத்ததை எந்த எடிட்டிங்கும் அகலமாக்காது.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. கடையில் மாட்டிப் பார்ப்பது போதாது. எந்த நேரத்தில், எந்த மாதிரி வீட்டில் வேலை செய்யப் போகிறதோ அங்கே பார்க்க வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஃபோகஸ் மாறும்போது படம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறதா, லென்ஸ் மோட்டார் சத்தம் மைக்கில் விழுகிறதா, ஃப்ரேமுக்குள் டியூப் லைட் வந்தால் படம் வெளுக்கிறதா, கதவு நிலை வளைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது கட்டாயம். ஈரக் காற்று உள்ள ஊர்களில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் பீரோவுக்குள் துணி சுற்றி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

தொட்டில் நாள்

வாடகைக்கு எடுத்த 11 மி.மீ. லென்ஸோடு தம்பி முதலில் போனது அதே பாளையங்கோட்டை வீட்டுக்குத்தான். குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் போடும் நாள்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். டேப்பை எடுத்து அளந்ததைப் பார்த்துக் குழந்தையின் தாத்தா, “என்ன தம்பி, வீட்டை விலை பேசப் போறீங்களா?” என்று சிரித்தார். ஒற்றைக்கால் ஸ்டாண்டு, ஆக்டிவ் கிடையாது, 25 ஃப்ரேம். தொட்டிலிலிருந்து ஆறரை அடி. ஹால் முழுக்க உள்ளே வந்தது. ஓரங்களில் மிச்சமும் இருந்தது.

பெண்ணின் அம்மா அன்றும் ஓரத்தில்தான் நின்றார். சமையலறை வாசலில், கையில் கற்கண்டுத் தட்டு. ஃப்ரேமுக்குள் இருந்தார். ஆனால் இழுபடும் ஓரத்தில் இருந்தார்.

தம்பி கேமராவிலிருந்து தலையை எடுத்தார். “அம்மா, அங்க நிக்காதீங்க. தட்டை அந்த அக்காகிட்ட கொடுத்துட்டு உள்ள வாங்க. தொட்டில் பக்கத்துல உட்காருங்க.”

“நான் எதுக்குப்பா? வந்தவங்க உட்காரட்டும்.”

“நீங்க உட்கார்ந்தாத்தான் நான் ஆரம்பிப்பேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளே எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் தம்பி அதே வகை லென்ஸைப் பழையதாக, டார்ச் அடித்துப் பார்த்து வாங்கினார். ஒற்றைக்கால் ஸ்டாண்டும் சேர்த்து வாங்கியதில் சீட்டுப் பணம் முழுக்கக் கரைந்தது. அடுத்த மூன்று விசேஷத்தின் கூலியை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாகிவிட்டது.

தொட்டில் வீடியோவைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா டிவி வேண்டாம், போனிலேயே காட்டு என்றார். தான் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கினார். தொட்டிலின் சேலையை ஒரு கையால் பிடித்தபடி, குழந்தையைப் பார்த்துக் குனிந்திருந்தார். முகம் முழுக்கத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பிக் கேட்டார்: “இந்தச் சேல எனக்கு நல்லாத்தான் இருக்கு, இல்ல?”